ஒரு சாண் தூரம்

"பொம்மைக்குக் கேக்குது அம்மணி. என்ற சம்சாரத்துக்குக் கேக்க மாட்டேங்குது."

குணாளன் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தலையை வைத்தான். ஹெல்மெட் கடையில் பேரம் பேசி வாங்கிய தலை. அதன் இரண்டு காதிலும் கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு கருவிகள்.

நஃபீசா தலையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"இது என்ன செய்யணும்?"

"இடது காதுல மைக். அது சத்தத்தப் புடிச்சு ஒயர் இல்லாம வலது காதுக்கு அனுப்பும். வலது காது நல்ல காது. அதுல கேக்கணும். அவ்வளவுதான்."

"இடது காது?"

"செத்துப்போச்சு. நரம்பு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"எப்படிப் போச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

பதில் சட்டென்று வந்தது. பல பேரிடம் சொன்ன பதில் அப்படித்தான் வரும்.

நஃபீசா தலையாட்டினாள்.

குணாளனுக்கு ஐம்பத்து நாலு வயது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தார்ப்பாய் விரித்து இயர்போன் விற்றவன். இன்று கணபதி பகுதியில் சொந்த ஷெட். எட்டுப் பேர் உட்கார்ந்து அவன் பெயர் போட்ட இயர்பட் கோக்கிறார்கள். எவனும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பிரித்துப் போட்டுப் பார்த்தான், கெடுத்தான், அடிபட்டுக் கற்றான். பேரத்தில் எதிராளி ஒரு படி இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டான். குரல் எப்போதும் மேலேதான்.

நஃபீசாவுக்கு முப்பத்தொன்று. ஒயர் இல்லாக் கருவிகளுக்கு ஆன்டெனா வரைந்து தருகிறவள். பீளமேட்டில் ஒரு மாடி அறை, மேலே மொட்டை மாடி. பெரிய கம்பெனிக்காரர்கள் கார் போட்டு வந்து அவள் படிக்கட்டில் காத்திருப்பார்கள். அவள் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை.

"எனக்குச் சொல்லிக்குடுங்க. என்ன வேணுமோ கேளுங்க."

"ஒண்ணும் வேண்டாங்ணா. கேட்டதுக்கு உண்மையைச் சொன்னாப் போதும்."

"சொல்றேன்."

"இது எவ்வளவு தூரம் போகுது?"

"முப்பது மீட்டர்!" குணாளனின் நெஞ்சு நிமிர்ந்தது. "மத்தவன் பத்து மீட்டர் குடுத்துட்டுப் பெருமை பேசறான். என்றது முப்பது."

"உங்க வீட்டம்மாவோட ஒரு காதுல இருந்து இன்னொரு காதுக்கு எவ்வளவு தூரம்?"

அவன் பொம்மைத் தலையின்மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தான்.

"ஒரு சாண்."

"முப்பது மீட்டர் போறது ஒரு சாண் போகலையா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்க மாடிப்படி ஏறறேன்?"

"சரிங்ணா. அலையோட சக்தியக் கூட்டிப் பாருங்க. அப்புறம் வாங்க."

*

ஒரு வாரம் கழித்து வந்தான்.

"கூட்டியாச்சு."

"கேட்டுதா?"

"விட்டு விட்டுக் கேட்டுதாம். வெளிய போனா அதுவும் இல்ல. ரோட்டுல இடது பக்கம் ஒரு டெம்போ உரசிட்டுப் போயிருக்கு. அவளுக்குத் தெரியவே இல்ல. முந்தானை கிழிஞ்சுபோய் வந்து நிக்கறா."

"இன்னும் கூட்டுங்க."

கூட்டினான்.

அடுத்த வாரம் வந்தபோது பொம்மைத் தலையை மேசைமேல் வைக்கவில்லை. போட்டான்.

"பேட்டரி முக்கால் மணி நேரத்துல சாகுது. காது சுடுதுன்னு கழட்டி வெச்சுட்டா. இன்னும் கூட்டுங்கன்னு சொல்லப் போறீங்களா?"

"கூட்டினாக் கேக்குமா?"

"கேக்காது! அது உங்களுக்கு மொதல்லயே தெரியுமில்ல? தெரிஞ்சுட்டே எதுக்கு என்னை அலைய விட்டீங்க?"

கீழ் வீட்டில் ஒரு ஜன்னல் மூடப்படும் சத்தம் கேட்டது.

நஃபீசா மெல்லச் சொன்னாள்.

"கேக்கலைன்னா நீங்க வேற என்ன செய்வீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சுங்ணா."

குணாளன் வாசல்வரை போனான். செருப்பைக் காலில் மாட்டினான். கழற்றினான். திரும்பி வந்தான்.

*

அவள் பொம்மைத் தலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். மதிய வெயில். சுற்றிலும் வெட்டவெளி.

"இங்க எதுக்கு?"

"கீழ செவுரு இருக்கு. அலை செவுத்துல பட்டுச் சுத்திட்டு வந்து சேரும். வேலை செய்யற மாதிரியே ஏமாத்தும்."

பொம்மையின் இடது காதருகே ஒரு அலாரம் கடிகாரத்தை வைத்தாள். வலது காதுக் கருவியை ஒரு சின்ன ஸ்பீக்கரில் சொருகினாள்.

டிக், டிக், டிக்.

ஸ்பீக்கர் தெளிவாகச் சொன்னது.

"பாத்தீங்களா?" என்றான் குணாளன். "என்ற சாமான்ல குத்தமில்ல."

அவள் பொம்மையின் உச்சந்தலையில் ஓட்டை போட்டாள். ஒரு குடம் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்தாள். ஓட்டை வழியாக ஊற்றத் தொடங்கினாள்.

தண்ணீர் கழுத்தில் நின்றபோது, டிக், டிக்.

வாய்க்கு வந்தபோது, டிக்.

காதுக்கு மேலே ஏறியது.

ஒன்றுமில்லை.

குணாளன் ஸ்பீக்கரைத் தட்டினான். குலுக்கினான். கடிகாரத்தை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏறக்குறைய இதுதாங்ணா நம்ம தலைக்குள்ளயும். உங்க அலையக் குடிச்சுரும். நீங்க காலித் தலைக்குச் செஞ்சிருக்கீங்க."

குணாளன் கடிகாரத்தைக் கீழே வைத்தான்.

"அப்ப வழி?"

*

அவள் கொடுத்தவை தீக்குச்சி அளவில் இரண்டு கருப்புக் கட்டைகளும், தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியும்.

"கட்டைமேல கம்பியச் சுத்துங்க. ஒண்ணு இடது காதுக்கு, ஒண்ணு வலது காதுக்கு. இது அலையா வெளிய போகாது. காந்தமாப் பக்கத்துலயே நிக்கும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"ஒரு சாண்."

"ஒரு சாணா?" குணாளனுக்குள் இருந்த பேரக்காரன் விழித்துக்கொண்டான். "என்னங்க அம்மணி, ஒரு முழமாச்சும் வேண்டாமா?"

"ஒரு சாண்."

"ஒண்ணரை?"

"ஒரு சாண்தாங்ணா. அதுக்கு மேல போகாது. ஆனா நடுவுல தண்ணி இருக்கறதே இதுக்குத் தெரியாது."

"முப்பது மீட்டரக் குடுத்துட்டு ஒரு சாணை வாங்கச் சொல்றீங்க."

"ஆமாங்ணா."

அவன் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான பேரத்துக்கு ஒப்புக்கொண்டதில்லை. வாங்கிக்கொண்டான்.

கம்பி அவன் கைக்கு அடங்கவில்லை. கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்தது. அறுந்த ஆத்திரத்தில் மறுபடி இழுத்தால் மறுபடி அறுந்தது. முதல் நாள் பதினோரு முறை. ஷெட்டில் இருந்தவர்கள் அவன் பக்கம் போகவே பயந்தார்கள். கம்பியிடம் மட்டும் அவன் கத்தல் எடுபடவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரண்டு சுருளும் முழுசாகக் கையில் இருந்தன. கருவிக்குள் அடக்கி நஃபீசாவின் மாடிக்குக் கொண்டுபோனான்.

தண்ணீர் நிரம்பிய தலை. மொட்டை மாடி. கடிகாரம்.

டிக், டிக், டிக், டிக்.

"கேக்குது!" குணாளன் கருவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நான் வர்றனுங்க. இத இப்பவே அவகிட்டக் குடுத்தாகணும்."

"அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க."

"எதுக்குங்க? மேசைமேல வெச்சுட்டா எடுத்து மாட்டிக்குவா. கேக்குதா இல்லையான்னு மட்டும் வந்து சொல்லுவா."

"இதுவரைக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

"கூட்டிட்டு வாங்கண்ணா."

*

குணாளனின் மனைவி செண்பகம் மறுநாள் காலை அவனுடன் வந்தாள். அறை நடுவில் நாற்காலி போட்டிருந்தது. அவள் அதில் உட்காரவில்லை. மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து, இடது தோள் சுவரில் படும்படி உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. இந்தப் பக்கம் யாரு வந்தாலும் எனக்குத் தெரியாது. செவுரு இருந்தா நிம்மதி."

"இருக்கட்டுங்கக்கா."

"ஊரு பூராப் பாட்டுக் கேக்க இவரு மெஷின் செய்யறாரு. என்ற காதுக்குத்தான் இத்தன நாளா இஞ்சினீரு வேலை நடக்குது." சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது.

நஃபீசா வலது காதுக் கருவியை அவளிடம் நீட்டினாள். அவளே மாட்டிக்கொண்டாள்.

இடது காதுக் கருவியைக் குணாளனிடம் கொடுத்தாள்.

"சுருள் நேரா உக்காரணும். கோணலா இருந்தாக் கேக்காது. சுத்தின கைக்குத்தான் அது தெரியும். நீங்களே மாட்டி விடுங்ணா."

"நானா?"

"நீங்கதான்."

செண்பகம் சுவரைவிட்டு விலகி உட்கார வேண்டியிருந்தது. விலகினாள். நடு நாற்காலிக்கு வந்தாள்.

குணாளன் அவள் எதிரில் வந்து நின்றான். கருவியை இரண்டு விரலில் பிடித்தான். வலது கையை உயர்த்தினான்.

அவள் கண்கள் இறுக மூடின. முகம் திரும்பியது. இடது தோள் தானாக எழும்பிக் காதை மறைத்தது. மடியிலிருந்த கை பாதி உயர்ந்து நின்றது.

அவனுடைய கை அந்தரத்தில் நின்றது.

கீழே தெருவில் ஒரு பஸ் போனது.

"அங்கிருந்து எட்டாதுங்ணா," என்றாள் நஃபீசா.

கைக்கும் காதுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் குணாளன் பார்த்தான். ஒரு சாண் இருக்கும்.

கையை இறக்கினான். முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்தான். இப்போது அவன் தலை அவள் தோளுக்குக் கீழே இருந்தது. திறந்த உள்ளங்கையில் கருவி.

"நீங்க மொத நாள் ஒண்ணு கேட்டீங்க அம்மணி."

"ஆமாங்ணா."

"அவ வழுக்கி விழல."

குரல் எழும்பவில்லை. அவனுடைய குரல்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

"இந்தக் கைதான்."

ஆஸ்பத்திரியில், அண்ணன் வீட்டில், பக்கத்து வீட்டில், கேட்டவர்களிடம் எல்லாம் பாத்ரூம் என்று அவளும்தான் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தாள்.

செண்பகம் கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு இடது காதின்மேல் விழுந்திருந்த முடியை எடுத்துப் பின்னால் ஒதுக்கினாள்.

"மெதுவா," என்றாள்.