நரியின் ஒரே ஒரு சந்தேகம்

முள்ளம்பன்றி சிலும்பாயிக்கு அன்று விடிந்ததே சரியில்லை. அவளுடைய குட்டி குந்தன் குளத்தில் மூக்கை முக்கித் தண்ணீர் குடித்தான். தண்ணீரோடு ஓர் அட்டையும் மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“அப்பா! பூச்சு விட புடியல!” என்று குட்டி அழுதான்.

“நான் அம்மாடா!”

“அதத்தான் சொல்றேன், அப்பா!”

மூக்கடைத்த பிள்ளைக்கு ‘அம்மா’ எங்கே வரும்? சிலும்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். அட்டை இரத்தம் குடிக்கக் குடிக்க ஊதும். ஊதினால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும். குட்டியை முன்னால் விட்டு, பின்னால் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அந்தக் காட்டுக்கு ஒரே டாக்டர் மரங்கொத்திதான். பட்டுப்போன மருதமரத்தின் அடிப்பொந்துதான் ஆஸ்பத்திரி. கரடியே குனிந்து நுழையலாம், அவ்வளவு பெரிய பொந்து. நெஞ்சில் ‘டொக்’, வயிற்றில் ‘டொக் டொக்’ என்று அலகால் தட்டிப் பார்ப்பார் டாக்டர். சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆட்களை வரிசையாக உள்ளே விடும் வேலை ஓணானுக்கு.

வரிசையில் முதல் ஆள் சிலும்பாயிதான். ‘அப்பாடா!’ என்று உட்காரப் போனாள். தோகையைத் தூக்கிக்கொண்டு மயில் வந்தது.

“ஓணான் தம்பி! எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. டாக்டர்கிட்ட ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டு ஓடி வந்துடறேன். போகட்டுமா?”

ஓணான் மேலும் கீழும் தலையை ஆட்டியது. மயில் உள்ளே போய்விட்டது.

“ஏம்மா! பிள்ளைக்கு மூச்சு முட்டுதும்மா!” என்று சிலும்பாயி கத்தினாள்.

“ஒரே நிமிஷம்மா!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த நிமிஷம் நீண்டது. “டாக்டர், ஒரு இறகு உதிர்ந்துடுச்சு. வியாதியா, வயசா?”

“சீசன் முடிஞ்சா உதிரும்மா. மறுபடி முளைக்கும்.”

“முளைக்கிறது இதே நீலத்துல முளைக்குமா? என் நாத்தனாருக்குக் கொஞ்சம் மங்கலா முளைச்சுதே!”

நாத்தனார் கதை முடிந்து, நாத்தனாரின் மாமியார் கதை முடிந்து, மயில் வெளியே வந்தது. சிலும்பாயி எழுந்தாள். அதற்குள் தேனடையும் கையுமாகக் கரடி வந்து நின்றது.

“நமக்கு ஒரு கேடும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன்! டாக்டர் நமக்கு வேண்டப்பட்டவர். தலையைக் காட்டிட்டுப் போயிடறேன். என்ன, ஓணான்?”

ஓணான் தலையை ஆட்டியது. கரடி உள்ளே நுழைந்தது. தலையை மட்டும் காட்டுவதாகச் சொன்ன கரடி, நாக்கைக் காட்டியது, நகத்தைக் காட்டியது, முதுகைத் திருப்பிச் சொறியும் இடத்தைக் காட்டியது. பிறகு தேன் கிடைத்த கதையை ஆரம்பித்தது. எந்த மரம், எந்தக் கிளை, எந்த ஈ எங்கே கொட்டியது என்று ஒன்றையும் விடவில்லை.

சிலும்பாயிக்கு முதுகில் ஒவ்வொரு முள்ளாக நட்டுக்கொண்டு நின்றது. பின்னால் இருந்த முயல்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தன. அவள் ஓணான் முன்னால் போய் நின்றாள்.

“ஏன்டா! நீ என்ன, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தலையாட்டிக்கிட்டே இருக்கே? அறிவிருக்கா உனக்கு?”

“ஐயோ அக்கா! நான் எங்க தலையாட்டினேன்? எங்க சாதிக்கே கழுத்து இப்படித்தான், தானா ஆடும்! ‘கூடாது’ன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள எல்லாரும் உள்ள போயிடறாங்க!”

“அப்ப நான் போகட்டுமா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“இது சரியா, தானா ஆடுறதா?”

“எனக்கே தெரியலையே அக்கா!”

சிலும்பாயி மரத்தில் முட்டிக்கொள்ளாத குறை. இந்தக் கழுத்தை நம்பி ஓர் ஆஸ்பத்திரி! குந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அழுவதை நிறுத்தியிருந்தான். அழ மூச்சு வேண்டுமே! வாயைப் பிளந்து ‘கர்... கர்...’ என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

கரடி வெளியே வந்தது. அதே நேரம் நரி வந்தது. வந்த நரி நேராக நடக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூன்றாக மடிந்து, நாலடிக்கு ஒருதரம் ‘உஸ்’ என்று நின்று வந்தது. முந்தின நாள் ஆற்றங்கரையில் அழுகின நண்டை வயிறு புடைக்கத் தின்றிருந்தது. வரிசையைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்துகொண்டது. முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டிக்கொண்டது.

“என்ன, எல்லாரும் சௌக்கியமா? நமக்கு ஒண்ணும் இல்லீங்க! எனக்கு வயிறா, காய்ச்சலா, என்ன வரப்போகுது? ஒரே ஒரு சந்தேகம், அவ்வளவுதான்!”

“எனக்கும் ஒரு சந்தேகம்!” என்று ஒரு முயல் எழுந்தது. “எனக்கும்!” என்றது இன்னொன்று.

சிலும்பாயி வாசலுக்கு ஓடினாள். குந்தனைப் பொந்துக்குள் தள்ளினாள். வாசலுக்கு முதுகைக் காட்டாமல், வரிசைக்கு முதுகைக் காட்டி நின்றாள். ‘சடசட’வென்று எல்லா முள்ளும் விரிந்தது. வாசலே அடைத்துக்கொண்டது.

“வாங்கண்ணே, வாங்க!” என்றாள். “சந்தேகம் இருக்கிறவங்க எல்லாம் இப்படியே என் மேல ஏறி உள்ள போங்க!”

ஒருவரும் நகரவில்லை. சத்தம் கேட்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். பாவம், பேச்சுக் கேட்டே அவர் கொண்டை சரிந்திருந்தது.

“யானைக்குப் பிரசவ வலி, ஆள் வந்துட்டாங்க. நான் உடனே கிளம்பணும். இனி ஒருத்தரைத்தான் பார்க்க முடியும். நிஜமா உடம்பு சரியில்லாதவங்க யாரு?”

“நான்!” என்று பாய்ந்தது நரி.

“அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்!” என்றாள் சிலும்பாயி. “இப்பத்தான் அவர் வாயாலயே சொன்னார். எல்லாரும் கேட்டாங்க!”

“ஆமாம், கேட்டோம்! வயிறுகூட நல்லா இருக்குன்னார்!” என்று முயல்கள் கூவின.

டாக்டர் அதற்குள் குந்தன் பக்கம் திரும்பிவிட்டார். ஓர் இலையில் தண்ணீரை ஏந்திக் குட்டியின் மூக்குக்குக் கீழே வைக்கச் சொன்னார். தண்ணீர் இருப்பது தெரிந்து அட்டை மெல்லத் தலையை வெளியே நீட்டியது. அவ்வளவுதான்! அலகால் ‘லபக்’ என்று பிடித்து ஒரே இழுப்பு! விரல் தடிமனுக்கு ஊதிப்போன அட்டை கீழே விழுந்து நெளிந்தது.

குந்தன் ஒரு தும்மல் போட்டான். மருதமரமே அதிர்ந்தது. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “எனக்குப் பசிக்குது!” என்றான். சிலும்பாயி அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். முள் குத்தி அவன் அலறினான். அந்த அலறலும் அவளுக்கு இனித்தது.

டாக்டர் இறக்கையை விரித்தார். நரிக்கு உயிர் போனது.

“டாக்டர்! டாக்டர்! என் சந்தேகம்!”

“சீக்கிரம் கேளு.”

வரிசை முழுக்க நரியையே பார்த்தது. ‘நமக்கு ஒண்ணும் இல்ல’ என்று வீறாப்பாகப் பேசியாகிவிட்டது. இப்போது வயிற்றைக் காட்டினால் மானம் போகுமே! நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

“வந்து... என் சிநேகிதன் ஒருத்தன். அழுகின நண்டைத் தின்னுட்டு வயித்து வலியில துடிக்கிறான். அவனுக்கு என்ன மருந்து குடுக்கலாம்?”

“வயித்தைத் தட்டிப் பார்க்காம மருந்து சொல்றது என் வழக்கம் இல்ல. நாளைக்கு அந்தச் சிநேகிதனை இங்க வந்து வரிசையில நிக்கச் சொல்லு!”

டாக்டர் ஜிவ்வென்று பறந்தார்.

“டாக்டர்! அந்தச் சிநேகிதன் நான்தான்!” என்று ஊளையிட்டுக்கொண்டே ஓடியது நரி. நாலடி ஓடும், ‘உஸ்’ என்று மடியும். மறுபடி நாலடி ஓடும். டாக்டரோ மலையைத் தாண்டியிருந்தார்.

வரிசையைத் தாண்டுவதற்காக நோயை மறைப்பவன், மருந்தையும் தாண்டிப் போய்விடுவான்.