மலைப்பாம்பின் வாலும் நரி வாத்தியாரின் விடைத்தாளும்

நாவல்காட்டில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. பெயர் செங்கமலம். தலையிலிருந்து வால் நுனி வரை சரியாக இருபது அடி. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். மழைக்காலம் வந்தால் அவள் பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். போன வருஷம் இட்ட பதினேழு முட்டைகளும் வெள்ளத்தோடு போயின. இந்த வருஷமும் வயிற்றில் முட்டை. மேகம் கறுத்தாலே அவள் பொந்து வாசலுக்கு வந்து வானத்தை எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கராஜா ஒரு வேலையை அறிவித்தார். யானைப் பாதையில் காவலர் வேலை. யானைக் கூட்டம் வரும்போது குறுக்கே யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலையோடு குடியிருக்க மேட்டில் ஒரு குகை. எந்த மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராத குகை!

"அந்தக் குகை எனக்குக் கிடைச்சே ஆகணும்!" என்றாள் செங்கமலம்.

சும்மா கிடைக்குமா? பரீட்சை உண்டு. வேகம், காலம், தூரம் என்று கணக்குப் பரீட்சை. பரீட்சை என்று ஒன்று வந்தால் பயிற்சி மையம் வராமல் இருக்குமா? நரி வாத்தியார் பிச்சாண்டி ஆலமரத்தடியில் ஒன்றைத் திறந்துவிட்டார். காடே அங்கேதான் பழிகிடந்தது. குரங்கு வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டே கிளைக்குக் கிளை தாவியது. செங்கமலமும் போய் மூன்று சுற்றாகச் சுருண்டு உட்கார்ந்தாள்.

"கேள்வியைப் படிக்காதே! படிச்சா நேரம் போச்சு!" என்று நரி கத்தினார். "எண்ணை மட்டும் பொறுக்கு! பெரிசைச் சின்னதால வகு! அடுத்த கேள்விக்குப் போ!"

"பொறுக்கு! வகு! போ!" என்று வகுப்பே திருப்பிக் கத்தியது.

ஒரு நாள் ஆமை ஒரு கணக்கை வகுத்துவிட்டு, "ஆமையின் வேகம் மணிக்கு எண்பது மைல்!" என்றது. நரி அதன் ஓட்டில் தட்டிக்கொடுத்தார். "சபாஷ்! வகுத்தது சரி!"

செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, ஒரு பிராணி பாதையைக் கடக்கணும்னா அதோட நீளத்தையும் சேர்த்துக் கூட்டணும் இல்லையா? தலை போனா போதுமா? வாலும் போகணுமே?"

"வாலா? பரீட்சைக் கணக்குல யானையும் ஒரு புள்ளிதான், எறும்பும் ஒரு புள்ளிதான். நீ எதுக்கும்மா வீணா நீண்டுக்கிட்டே போறே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. செங்கமலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாலை இழுத்து வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

பரீட்சை நாள் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

'யானைக் கூட்டம் பாறை முனையில் தலைகாட்டினால், கடக்கும் இடத்துக்கு வர இருபது எண்ணிக்கை நேரம் ஆகும். பாதையின் அகலம் முப்பது அடி. இருபது அடி நீள மலைப்பாம்பு ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு அடி வீதம் ஊர்கிறது. அது பாதையைக் கடக்க எத்தனை எண்ணிக்கை ஆகும்? போகலாமா, நிற்கணுமா?'

"பதினைந்து! போகலாம்!" என்று எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். செங்கமலம் மட்டும் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். முப்பதோடு இருபதைக் கூட்டினாள். ஐம்பது அடி. 'இருபத்தைந்து. நிற்கணும்' என்று எழுதினாள்.

திருத்துவதற்கான விடைத்தாளைத் தயாரித்தது யார்? பிச்சாண்டியேதான். சொல்லிக்கொடுத்தவரும் அவர், திருத்துகிறவரும் அவர். ரொம்ப நல்ல ஏற்பாடு! செங்கமலத்தின் தாளில் பழச்சாற்றால் பெரிதாக ஒரு தப்புப் போட்டார்.

செங்கமலம் நேரே சிங்கராஜாவிடம் போனாள். "ராஜா, இது அநியாயம்! என் வாலைப் பற்றி எனக்குத் தெரியாதா?"

"விடைத்தாள்ல பதினைந்துன்னு இருக்கு ராஜா!" என்று குறுக்கே விழுந்தார் நரி. "பாம்பு நீளமா இருக்குங்கிறதுக்காக விடையையும் நீட்ட முடியுமா?"

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. இரண்டு பேர் சொல்வதும் அதற்கு நியாயமாகவே பட்டது.

"அப்படின்னா நான் கடந்து காட்டுறேன்" என்றாள் செங்கமலம். "அதே பாதை, அதே யானை, அதே வேகம். வாத்தியார் என் வால் நுனியில் உட்கார்ந்து எண்ணட்டும். பதினைந்துக்குள்ளேதான் கடந்துடுவோமே, அவருக்கென்ன பயம்?"

"பயமா? எனக்கா?" நரி விடைத்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாலில் ஏறி உட்கார்ந்தார்.

சிங்கமும் வகுப்புப் பிராணிகளும் பாதையோரம் கூடி நின்று பார்த்தன. பாறை முனையில் புழுதி கிளம்பியது. செங்கமலம் ஊர ஆரம்பித்தாள். நரி கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." எண்ணிக்கை பதினைந்து ஆனபோது செங்கமலத்தின் தலை அக்கரையைத் தொட்டது. உடனே அங்கிருந்த தேக்கு மரத்தில் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"பதினைந்து! கடந்தாச்சு!" என்று நரி துள்ளினார். "எங்கே, கைதட்டுங்க!"

யாரும் தட்டவில்லை. நரி கண்ணைத் திறந்தார். காலடியில் யானைப் பாதை. முன்னாலும் யானைப் பாதை. விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தார். பதினைந்து என்றுதான் இருந்தது. "கடந்தாச்சே! அப்புறம் இந்த யானைங்க ஏன் என் மேலேயே வருது?"

முதல் யானை பிளிறியது. நரிக்கு ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது.

"ஐயோ, கடக்கலை! வால் இன்னும் கடக்கலை! இன்னும் பத்து எண்ணிக்கை ஆகும்! இழு தாயே, இழு!"

செங்கமலம் மரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தாள். அது பரீட்சையில் வராத வேகம், உயிருக்குப் பயந்த வேகம். வால் வந்து சேர்ந்தது. நரி பறந்துபோய் முள்புதரில் விழுந்தார். விடைத்தாளை மட்டும் நாற்பது யானைகள் வரிசையாக மிதித்துக்கொண்டு போயின.

சிங்கம் நகங்களை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தது. "பதினைந்து எண்ணியாச்சு. இன்னும் பத்து ஆகும்னு வாத்தியாரே சொல்லிட்டார். மொத்தம் இருபத்தைந்து! செங்கமலம், குகை உனக்குத்தான்!"

அந்த மழைக்காலத்தில் குகைக்குள் பத்தொன்பது குட்டிகள் நெளிந்தன. செங்கமலம் ஒவ்வொன்றையும் நீளம் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் நரி தன் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பாதையோரம் வந்து நின்றார். பாறை முனையில் புழுதி தெரிந்தது. "போகலாமா அம்மா?" என்று பணிவாகக் கேட்டார். செங்கமலம் அவரைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி, வரிசையின் கடைசியில் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்த ஆமை வரைக்கும் பார்த்தாள்.

"நில்லுங்க வாத்தியாரே" என்றாள்.

கணக்கில் இருக்கும் எண்களைப் பொறுக்குவதற்கு முன்னால், அந்தக் கணக்கில் நடந்துபோகிறவர் யார் என்று தலை முதல் வால் வரை பார்த்துவிட வேண்டும்.