முதலாளி கையெழுத்து

திண்டுக்கல்லில் அஞ்சுகம் என்றொருத்தி இருந்தாள். கட்சிக் கூட்டமோ கடைத் திறப்பு விழாவோ, நாற்காலி காலியாகக் கிடந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் திரட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். தலைக்கு இவ்வளவு என்று கூலி.

வாடகை வீடு மழைக்கெல்லாம் ஒழுகவே, வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாள். கணக்கில் மாதம் தவறாமல் பணம் போட்டிருந்தாள். ஆனாலும் மேலாளர் சுகவனம் உதட்டைப் பிதுக்கினார்.

"சம்பளச் சான்றிதழ் எங்கேம்மா? கூட்டத்துல உட்கார்றதெல்லாம் ஒரு வேலையா? உனக்கு முதலாளி யாரு? அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, பார்ப்போம்."

அஞ்சுகம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் அதே வங்கி கடன் திருவிழா நடத்தியது. மண்டல அதிகாரி வரும் நேரம், மண்டபத்தில் ஆளே இல்லை. சுகவனம் வாசலுக்கும் மேடைக்குமாக ஓடினார். வேறு வழியின்றி அஞ்சுகத்துக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது.

அதிகாரி பூரித்துப்போனார். முன்வரிசையில் இருந்த அஞ்சுகத்திடம் மைக்கை நீட்டினார்.

"நம்ம கிளையில நீங்க என்ன கடன் வாங்கினீங்கம்மா?"

"வீட்டுக் கடன் கேட்டேங்கய்யா. முதலாளி கையெழுத்து வேணும்னாங்க. முதலாளி இப்ப உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு. எங்க எல்லாருக்கும் இன்னைக்குக் கூலி அவருதான் தர்றாரு. ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்கய்யா."

அதிகாரி சுகவனத்தைப் பார்த்தார். சுகவனம் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

சான்றிதழ் மேடையிலேயே எழுதப்பட்டது. அவள் கணக்கை வரவழைத்துப் பார்த்த அதிகாரி, கடனுக்கும் அங்கேயே ஒப்புதல் சொன்னார். கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது.

விழா முடிந்து சுகவனம் கூலியை நீட்டியபோது அஞ்சுகம் பணிவாகச் சொன்னாள்:

"சார், கைதட்டினதுக்குத் தனி ரேட்டுங்க."