சுரம் உடையும் இடம்

தூத்துக்குடியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடியவள் ரூபாவதி. கழுத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பேச்சு திரும்பியது, மேல்ஸ்தாயி திரும்பவில்லை. வீட்டில் முடங்கிக் கிடந்தவளைக் கூப்பிட்டு, கையில் ஒரு கிளாரினெட்டைக் கொடுத்தார் தேவாலயத்தின் பேண்டு மாஸ்டர் கிங்ஸ்லி. வயதில் அவளைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவளுக்கு அவர் மாஸ்டர்தான்.

கீழ்ச்சுரங்கள் சீக்கிரமே வசப்பட்டன. மேலே ஏறும் இடத்தில்தான் தகராறு. அங்கே போனதும் வாத்தியம் கீச்சென்று அலறியது.

ஈஸ்டர் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அலறியது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மற்றவர்கள் கலைந்த பிறகு அவள் வாத்தியத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

"போதும் மாஸ்டர். என் தொண்டையும் அங்கதான் உடையுது, இதுவும் அங்கதான் உடையுது. மேலே போக எனக்குக் கொடுத்து வைக்கல."

"அந்த இடம் வந்ததும் என்ன செய்வீங்க அக்கா?"

"உதட்டை இறுக்கிக்கிடுவேன். மூச்சை லேசாப் பிடிச்சுக்கிடுவேன்."

"எதுக்கு?"

"உடைஞ்சிரக் கூடாதேன்னுதான்."

அவள் கழற்றியதைக் கிங்ஸ்லி வாங்கித் திரும்பப் பொருத்திக் கொடுத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. மேலே போக வேண்டாம். உங்களுக்குப் பிடிச்ச கீழ்ச்சுரம் ஒண்ணை ஊதிக்கிட்டே இருங்க."

அதில் அவளுக்குப் பயமில்லை. ஊதினாள். சுரம் தரையோடு பரவியது. இன்னும் ஊதினாள்.

திடீரென்று உயரத்தில் வேறொரு சுரம் கேட்டது. மாஸ்டர் தன் வாத்தியத்தை எடுத்துவிட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள். அவருடைய வாத்தியம் பெட்டிக்குள் இருந்தது. அவர் அருகே குனிந்து, அவள் வாத்தியத்தின் பின்பக்கத்தில் ஒரு விரலை வைத்திருந்தார்.

விரலை எடுத்தார்; சுரம் கீழே வந்தது. வைத்தார், மேலே போனது.

ரூபாவதி ஊதுவதை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன செஞ்சீங்க மாஸ்டர்?"

"மேலே போறப்போ கட்டைவிரலால ஒரு கீயை அழுத்துவீங்கல்ல, அதை நான் அழுத்தினேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"புதுசா ஒண்ணும் செய்யல. கீழே ஊதினதையே ஊதிக்கிட்டிருந்தீங்க."

அவள் மறுபடி ஊதிக்கொண்டே தானே கட்டைவிரலை நகர்த்திப் பார்த்தாள். கீச்.

"பாத்தீங்களா! நீங்க அழுத்தினப்போ எனக்குத் தெரியாது. இப்போ மேலே போறோம்னு தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்ச பிறகு எப்படிப் பயப்படாம இருக்கிறது?"

"பயந்தா பயந்துக்கோங்க அக்கா. மேலே போறது கட்டைவிரலுக்குத் தெரிஞ்சாப் போதும். மூச்சுக்குச் சொல்லாதீங்க."

வாத்தியம் அதற்குள் ரூபாவதியின் வாய்க்குப் போயிருந்தது. கீழ்ச்சுரம் நீண்டது. அது மேலே போய்விட்டதை அவளே சற்றுத் தாமதமாகத்தான் கேட்டாள்.