இத்தாலிக் கொடிக்குக் கம்பத்துக் கவாத்து

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயத் தொறக்காதீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வனப்பேச்சி காலையிலிருந்து புருசனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் அவள் அம்மா காமுத்தாய்க்கு ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. அறுப்பு முடிந்து கடைசி லாரியும் கேரளாவுக்குப் போய்விட்டது. அடுத்த காய்ப்புக்காகக் கொடியை வெட்டிவிடும் கவாத்து நாளைக்கு. "இனிமே என்னால கத்திரி புடிக்க முடியாது, இன்னிக்கு யார்ட்டயாவது ஒப்படைச்சுருவேன்" என்று காமுத்தாய் சொல்லியிருந்தாள். கேட்டு வந்தது ரெண்டு பேர். ஒருத்தன் வனப்பேச்சியின் சித்தப்பா மகன் ஒச்சப்பன். இன்னொருத்தன் அவள் புருசன் மொக்கராசு. இத்தாலிக்குத் திராட்சைத் தோட்ட வேலைக்கென்று போய், வருசம் திரும்புமுன்னே ஊருக்கு வந்துவிட்டவன். ஏன் வந்தான் என்று கேட்டால் கதைதான் வரும். பந்தல் கைக்கு வராவிட்டால் மறுபடியும் எங்காவது கிளம்பிவிடுவான். போனிலேயே குடித்தனம் நடத்த வனப்பேச்சிக்கு இனிமேல் தெம்பில்லை.

பந்தலடியில் சாப்பிட உட்கார்ந்ததும் ஒச்சப்பன் கொக்கி போட்டான். "ஏன் மாப்ள, அங்க நம்ம பன்னீர் மாதிரி பழம் உண்டா?"

போச்சுடா என்று வனப்பேச்சி நெற்றியில் கை வைத்தாள்.

"மொஸ்காட்டோன்னு ஒரு வெள்ளப் பழம் மச்சான். நம்ம பன்னீருக்குப் பாட்டி முறை" என்று மொக்கராசு சம்மணத்தைத் திருத்தி உட்கார்ந்தான். "மல்லியப்பூவையும் ஆரஞ்சுத் தோலையும் சேத்துக் கசக்குன வாசம். ஏர்போர்ட்ல எறங்குன நான் ஒருத்தர்ட்டயும் வழி கேக்கல. மூக்கு முன்னால போச்சு, நான் பின்னால போனேன்."

"பெட்டி படுக்கையெல்லாம்?"

"பெட்டிக்கும் வாசம் புடிச்சிருச்சுல்ல! எனக்கு முந்தியே தோட்டத்துல போயி நின்னுச்சு."

காமுத்தாய் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அத வச்சு என்ன செய்வாக?" என்றாள்.

"ஒயின்தான் அத்த. ஒண்ணு லேசா நுரைக்கும், இனிப்பா இருக்கும், போதை கம்மி. ஆனா அந்த நுரை இருக்கே, கிளாஸையே தூக்கிட்டுப் போயிரும். மொதலாளி வீட்டுல கிளாஸுக்கெல்லாம் கயிறு கட்டித்தான் ஊத்துவாக. இன்னொண்ணு பொங்கிக்கிட்டு வரும், தக்கைக்குக் கம்பி போட்டு முறுக்கி வச்சிருப்பாக. நான் ஒருக்கா அவுத்தேன். தக்கை போயி மேகத்துல பொத்தல் போட்டுருச்சு. பிடிச்சது பாரு மழை!"

"போன மாசம் நம்ம வெங்காயத்த அழுக வச்ச மழை அதானோ?" என்றான் ஒச்சப்பன்.

"அது வேற பாட்டிலு மச்சான். மூணாவது ரகம்தான் கெத்து. பழத்தப் பாயில காயப்போட்டு, சுருங்குன பெறகு பிழிவாக. பாகு மாதிரி இருக்கும். அதுல சிந்துன ஒரு சொட்ட நக்கிட்டு ஒரு எறும்பு டிராக்டர இழுத்துட்டுப் போச்சு. நான் பின்னாலயே ஓடி சாவியப் புடுங்குனேன்."

"எறும்புகிட்ட இருந்தா?"

"பெறகு? அதுதான ஓட்டுச்சு!"

வனப்பேச்சிக்குச் சிரிப்பு முட்டியது, அழுகையும் வந்தது. பாவி மனுசன், கைக்கு வர இருந்த பந்தல நாக்காலயே தொலைக்கிறானே!

மொக்கராசுக்கோ வேகம் பிடித்துவிட்டது. "இதெல்லாம் என்ன அத்த! அறுப்பு முடிஞ்சதும் கத்திரிய எடுத்தேன். அந்த ஊருக்காரன் எல்லாம், கொடி உறங்கட்டும், பனி விழுந்த பெறகு வெட்டலாம்னான். உறங்குறதா? எங்கூருல கவாத்துப் பண்ணா நாலு மாசத்துல அடுத்த காய்ப்புடான்னு, மொதலாளி சந்தைக்குப் போன நேரமாப் பாத்து ஒரு மலை பூராவும் வெட்டித் தள்ளிட்டேன். கொட்டுற பனியில கொத்துக் கொத்தாக் காய்ச்சுச்சு! மொதலாளி பாத்தாரு, அப்படியே கண்ணுல தண்ணி. தானே கார ஓட்டிட்டு வந்து என்னைய பிளேன் ஏத்தி விட்டாருன்னா பாத்துக்கங்க."

ஒச்சப்பன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு உருண்டு உருண்டு சிரித்தான். "பெரியம்மா, தொரத்தி விட்டத எம்புட்டு அழகாச் சொல்றாரு பாருங்க!"

வனப்பேச்சி தலையைத் தூக்கவே இல்லை. ஆக, இவன் ஊர் திரும்பிய கதை இதுதான்.

காமுத்தாய் கை கழுவினாள். முந்தானையில் துடைத்தபடி வந்து, கூடையிலிருந்த கவாத்துக் கத்திரியை எடுத்து மொக்கராசு மடியில் வைத்தாள்.

"பெரியம்மா!" என்றான் ஒச்சப்பன்.

"நீ கவாத்துக்கு ஆள் விட்டுட்டு டீக்கடையில இருப்ப தம்பி. இவரு கடல் தாண்டிப் போயும், அறுப்பு முடிஞ்சதும் கை சும்மா இருக்காம கொடியில போயி நின்னுருக்காரு. அந்த ஊருக்கு அது கெடுதி. உறங்காத நம்ம கொடிக்கு அதுதான் வேணும்."

வனப்பேச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். மொக்கராசு நெஞ்சை நிமிர்த்தினான். "அத்த, கவலைய விடுங்க. நான் நாளைக்குக் கத்திரி வச்சா, நாளக் கழிச்சே பழம் தொங்கும்!"

"அவசரமில்ல மாப்ள, நாலு மாசம் கழிச்சே தொங்கட்டும். அதுவரைக்கும் பந்தலுக்குள்ள வாயத் தொறக்காதீக. போன தடவ நீங்க பேசுனதக் கேட்டுக் கொடி சிரிச்ச சிரிப்புல பூவெல்லாம் உதுந்துபோச்சு" என்றாள் காமுத்தாய்.