முகடு மூடாத படப்பு

வைக்கோல் படப்பு மேல ஏறுனவன் முகட்ட மூடாம எறங்கலாமாடா? நீயெல்லாம் சோறுதான் திங்கியா?

ஒன்னச் சொல்லல கண்ணு. கதையில வர்றவனச் சொல்றேன். நீ படுத்துக்கிட்டு ‘ம்’ கொட்டு.

ஒரு ஊர்ல பொன்னுருவின்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துட்டான். ஒரு செவலப் பசு, அதுக்கு ஒரு கன்னு. அறுப்பு முடிஞ்சு களத்துல வைக்கோலக் காயப் போட்டிருந்தா. கோடை பூராவும் மாட்டுக்கு அதுதான் தீனி.

ம்.

அப்போ மேக்க கருகருன்னு மேகம் ஏறுச்சு. கடமுடா கடமுடான்னு இடி. சரக் சரக்குன்னு வாரிக் குவிச்சா. ஆனா படப்பு ஒத்தையாப் போட முடியுமா? ஒரு ஆள் கீழ நின்னு வீசணும், ஒரு ஆள் மேல நின்னு மிதிக்கணும். மிதிச்சவனே முகட்டக் கூம்பாக்கி, வைக்கோலத் தலை சீவுற மாதிரி வழிச்சு விடணும். அப்பத்தான் தண்ணி உள்ள எறங்காம வழிஞ்சோடும்.

அப்புறம் கொழுந்தனக் கூப்பிட்டா. ஏணியோட வந்தான். ஏறுனான். தொம் தொம்முன்னு மிதிச்சான். படப்பு ரெண்டாள் ஒசரம் வந்துச்சு. அப்போ கால நிப்பாட்டிட்டான்.

“மதினி, அந்தக் கன்ன எனக்குக் குடுத்துரு.”

“மொதல்ல மூடுப்பா, பெறகு பேசுவோம்.”

டப்புன்னு ஒரு துளி.

“கன்னு?”

“அது பால்குடி மறக்கலய்யா. பிரிச்சா பசு பால எறக்காது.”

டப் டப் டப்.

“கடைசியாக் கேக்கேன் மதினி. நான் மேல நிக்கேன், மழை அதுக்கும் மேல நிக்கி.”

“பேரம் பேசுற எடமாடா இது? எறங்குடா கீழ!”

ஆத்திரத்துல வந்த வார்த்தை. அவனுக்கு அது போதும். மடமடன்னு எறங்குனான். ஏணியத் தோள்ல போட்டான். போயே போயிட்டான்.

ம்.

சோன்னு கொட்டுச்சு மழை. வாயப் பொளந்த படப்பு அம்புட்டையும் குடிச்சுது. அப்புறம் வெயில் வந்ததும் உள்ளயிருந்து புகையா ஆவி. கைய விட்டா கொதிக்கி. உருவிப் பாத்தா கருப்பு, பூஞ்சக் காளான். பசு மோந்து பாத்துச்சு, மூஞ்சத் திருப்பிக்கிருச்சு. மடி வத்திப் போச்சு. கன்னு முட்டி முட்டிப் பாக்குது, ஒண்ணும் வரல.

அவன் ஊரெல்லாம் சொன்னான்: “மதினிதான எறங்கச் சொன்னா!”

எறங்கச் சொன்னா எறங்கிருவியா? அம்புட்டுச் சொல்பேச்சுக் கேக்குற பிள்ளையா நீ? மூடுன்னும்தான சொன்னா, அது மட்டும் காதுல விழலயா?

“யாரப் போட்டு இப்படி ஏசுத ஆச்சி?”

கதையில உள்ளவனத்தான். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டுதான் கெடக்கான். நல்லாக் கேக்கட்டும்.

“கன்னு செத்துருச்சா?”

இன்னும் இல்ல கண்ணு. நின்னா கால் தள்ளாடுது. கதை இம்புட்டுத்தான், நீ கண்ண மூடு.

டேய், ஒன்னத்தான்! அவ ஒன் வாசல்ல வந்து கையேந்த மாட்டா. விடிஞ்சதும் ஒன் படப்பப் பிரி. பாதியக் கட்டி, ஒந்தலையில நீயே சுமந்துட்டு வந்து, அந்தப் பசு முன்னால போடு!