பேன் இல்லாத குரங்குகள்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் அத்திமரத்து மைனா. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை. ஒரு தாவல் தூரத்தில் இருப்பவளின் நிலை தெரியாமல் ஒரு குரங்கு இருக்குமா என்று மைனாவிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இப்போது அந்தச் சந்தேகம் போய்விட்டது. போய்விட்டதே என்றுதான் வருத்தம்.

காட்டோடை ஓரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. உச்சிவெயில் ஏறியதும் எல்லாக் குரங்குகளும் நிழலில் கூடிப் பேன் பார்க்கும். வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் போதும். பின்னால் இருக்கும் குரங்கு வேலையைத் தொடங்கிவிடும்.

செம்பி என்ற பெண் குரங்குக்கு எப்போதும் கட்டைவாலன்தான் பேன் பார்ப்பான்.

“அக்கா, உன் முதுகில் ஒரு பட்டாளமே குடியிருக்கிறது!”

“அத்தனையும் உன்னிடமிருந்து வந்ததுதானடா! பேசாமல் பார்!”

சிரித்துக்கொண்டே அவள் தூங்கிப்போவாள்.

ஒரு கோடையில் கட்டைவாலன் ஒரு குட்டையைக் கண்டுபிடித்தான். வேப்பிலை உதிர்ந்து ஊறிய குட்டை. அதன் சேற்றில் ஒருமுறை புரண்டு எழுந்தால் ஒரு பேன்கூட மிஞ்சவில்லை!

“இனி யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்!” என்று அவன் குதித்தான். கூட்டமே குதித்தது.

அதன்பின் உச்சிவெயிலில் யாரும் கூடவில்லை. ஆளுக்கொரு மரம். உடம்பு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாக் குரங்குகளுக்கும் சிடுசிடுப்பு கூடிவிட்டது. ஓர் அத்திப்பழத்துக்குக்கூடப் பல்லைக் காட்டிச் சண்டையிட்டன. காரணம் யாருக்கும் புரியவில்லை.

கட்டைவாலன் கெட்டவன் இல்லை. தினமும் தன் மரத்திலிருந்து கத்துவான்.

“அக்கா, சுகமா?”

“சுகம்தான்டா!”

ஒருநாள் செம்பி இலந்தைப் புதரில் விழுந்தாள். முறிந்த முள் ஒன்று நடு முதுகில் தங்கிவிட்டது. அவள் கை அங்கே எட்டாது. ரோமம் மூடியிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது. விரல் பட்டால்தான் தெரியும்.

“அக்கா, சுகமா?”

“சுகம்தான்!”

பிறகு ஒரு காலையில் பதில் வரவில்லை. கட்டைவாலன் தாவினான். ஒரே தாவல்தான். செம்பி கிளையில் குப்புறக் கிடந்தாள். அவன் விரல்கள் பழைய பழக்கத்தில் ரோமத்தை விலக்கின. உள்ளே முள்ளைச் சுற்றிப் புண் சீழ்பிடித்திருந்தது.

“ஐயோ! ஏன் அக்கா சொல்லவில்லை?”

“இதைப் போய் ஊருக்கே கேட்கக் கத்துவார்களா? நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் விரலுக்கே தெரிந்திருக்கும்.”

அவன் முள்ளைப் பிடுங்கினான். ஆனால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டிருந்தது.

“பேன் இருக்கிறதா, பாருடா” என்றாள் செம்பி, கண்ணை மூடிக்கொண்டே.

“இருக்கிறது அக்கா! ஒரு பட்டாளமே இருக்கிறது!”

அவள் சிரித்தாள். அப்படியே தூங்கிப்போனாள். பிறகு எழவே இல்லை. கட்டைவாலன் பொழுது சாயும்வரை, பேனே இல்லாத அந்த முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொடும் தூரத்தில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதில்தான் சந்தோஷம் இருக்கிறது. தூரத்திலிருந்து எத்தனை முறை விசாரித்தாலும் அதற்கு ஈடாகாது.

சென்ற வாரம்தான் மைனாவிடம் துணிந்து கேட்டேன்: “ஒவ்வொரு நாளும் ‘சுகம்’ என்று கத்திவிட்டு, செம்பி கட்டைவாலன் மரத்தின் பக்கமாக, முன்போலவே முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாளா?”